பட்டாளத்துக் கட்டடமும் காவிப் பட்டையும்

எங்கள் ஊருக்குத் தெற்கே, திருச்சுழி போகும் ரோட்டை ஒட்டி, கண்மாய்க்கரைக்குக் கீழே ஒரு கட்டடம் இருந்தது. பட்டாளத்துக் கட்டடம் என்று பெயர். எந்தப் பட்டாளம் என்று கேட்டால்தான் சிக்கல். கும்பினிப் பட்டாளம் என்பார் ஒருவர். பாளையக்காரர் பட்டாளம் என்பார் இன்னொருவர். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியது என்பார் மூன்றாமவர். மூன்று பேருமே தங்கள் தாத்தா நேரில் பார்த்ததாகச் சொல்வார்கள். கேட்டுச் சரிபார்க்கலாமென்றால் மூன்று தாத்தாக்களும் அப்போது உயிரோடு இல்லை.

கட்டடமும் லேசுப்பட்டதல்ல. சுவரின் கனத்துக்கு அதன் மேல் ஒரு ஆள் குறுக்கே படுத்துத் தூங்கலாம். கூரைதான் பாதி இடிந்து கிடந்தது. ஜன்னலோ ஒன்றுகூட இல்லை. சுவர் உச்சியில் கை நுழைகிற அளவுக்குச் சில துவாரங்கள். அவையும் நேராகப் போகாமல் உள்ளுக்குள்ளேயே வளைந்து போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலுக்கு நேர் எதிரே, நாலு எட்டு தள்ளி, தனியாக ஒரு சுவர் வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. வாசலை வைத்துவிட்டு அதற்கு முன்னால் எவனாவது சுவரை வைப்பானா? எங்கள் ஊர்க்காரன் கட்டியதில்லை என்பதற்கு அது ஒன்றே சாட்சி என்பார்கள். எனக்கென்னவோ எங்கள் ஊர்க்காரன்தான் கட்டியிருக்க வேண்டும் என்று அதனாலேயே ஒரு சந்தேகம்.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் கட்டடத்தைச் சரிசெய்கிற வேலையில் நான் மாட்டிக்கொண்டேன். அப்போது நான் இளைஞர் மன்றத்தின் செயலாளர். மன்றத்துக்குச் சொத்து ஒரு கேரம் போர்டு. அதற்கும் ஸ்ட்ரைக்கர் கிடையாது. செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு வராமல் போனவன் நான் ஒருத்தன்தான். வராதவன் தலையில் பதவியைக் கட்டுவது எங்கள் ஊரில் வழிவழியாக நடந்துவரும் தண்டனை.

வேலை எங்கள் மதினிக்காகத் தொடங்கியது. என் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி. ஊர் பால்வாடியில் டீச்சர். ஆயா வேலை காலியாகவே கிடந்ததால் சமையலும் அவர்தான், பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதும் அவர்தான். அண்ணன் கிணறு வெட்டப் போன இடத்தில் பாறை சரிந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் படுத்திருந்தார். மதினியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. மத்தியானம் ஓடிப்போய் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்து, சோறு கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓடிவருவார்.

பால்வாடி நடந்தது ஒருவருடைய மாட்டுக்கொட்டத்தில். அவர் மகனுக்குக் கல்யாணம் வந்தது. விசைத்தறி போடப்போகிறேன், இடத்தைக் காலி பண்ணும்மா என்று சொல்லிவிட்டார். மேலே எழுதிப் போட்டதற்கு, ஊரில் கூரையுள்ள இடம் காட்டாவிட்டால் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வேறொரு ஊருக்குப் பால்வாடியை மாற்றிவிடுவோம், டீச்சரும் அங்கே போக வேண்டியதுதான் என்று பதில் வந்தது. ஆடி முடியுமுன் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம்.

மதினி என்னிடம் வந்தார். மதினிக்கும் கொழுந்தனுக்கும் பேச்சில் கணக்குவழக்கு கிடையாது என்பதால், வந்ததும் ஆரம்பித்தார்.

"என்ன கொழுந்தனாரே, செயலாளருன்னு போர்டு மாட்டி இருக்கீகளே, செயலு எங்கிட்டு இருக்கு?"

"போர்டு மட்டும்தான் மதினி இப்போதைக்கு வந்திருக்கு. செயலு பின்னாடி பஸ்ஸுல வருது."

"அந்த பஸ்ஸு வரதுக்குள்ள நான் அடுத்த பஸ்ஸுல ஊரை விட்டுப் போயிருவேன். டெய்லி போயிட்டு வர வேலையில்ல இது. மத்தியானம் ஒங்க அண்ணனை யாரு தூக்குவா? நீங்க தூக்குவீகளா?"

நான் அந்தக் காலத்தில் ஒரு குடம் தண்ணீரையே இரண்டு தவணையாகத் தூக்கிக்கொண்டிருந்தவன்.

"பட்டாளத்துக் கட்டடம் சும்மாதானே கெடக்கு? ஒரு கூரையைப் போட்டுக் குடுங்க போதும்" என்றார்.

கிராம நிர்வாக அதிகாரியிடம் போனேன். அவர் எல்லாப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கட்டடமே கிடையாது என்றார்.

"அங்க இருக்கே சார், ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியுமே."

"கண்ணுக்குத் தெரியும் தம்பி. கணக்குல இல்ல."

"அப்ப நாங்க எடுத்துக்கலாமா?"

"இல்லாத கட்டடத்தை நான் எப்படிக் குடுக்க முடியும்?"

"அப்ப எடுத்துக்கக் கூடாதா?"

"இல்லாத கட்டடத்துக்கு நான் எப்படித் தடை போட முடியும்?"

அனுமதி கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் ஊருக்கு வந்தேன். கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அது பொய்யா நிஜமா என்று எனக்கே உறுதியில்லை.

கண்மாய் மராமத்துக்கு ஊர்வழக்கம் வீட்டுக்கு ஓர் ஆள். அதே வழக்கப்படி இதற்கும் தமுக்கு அடித்தோம். மறுநாள் காலையில் வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்குப் பச்சிலை கட்டிய கிழவர் ஒருவர். கைப்பிள்ளையோடு ஒரு பெண். இளைப்பு நோய்க்காரர் ஒருவர். வீட்டுக்கு ஓர் ஆள் என்றால் வீட்டில் எதற்கும் உதவாத ஆளை அனுப்புவது என்று எங்கள் ஊர் அர்த்தம் செய்துகொண்டிருந்தது. குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் அந்த முறைப்படிதான் நான் வந்திருந்தேன்.

இந்தப் படைக்குத் தளபதியாகத் தானே முன்வந்து நின்றார் மிலிட்டரிச் சித்தப்பா. காஷ்மீரில் இருந்தவர். காஷ்மீரில் சமையல்கட்டில் இருந்தார் என்பதை அவர் சொல்ல மாட்டார்; மற்றவர்கள் சொல்வார்கள். "பட்டாளத்துக் கட்டடத்தைப் பத்தி ஒரு பட்டாளத்துக்காரனுக்குத்தாண்டா தெரியும்" என்று அறிவித்துவிட்டு, கண்கட்டு போட்ட கிழவரையும் சேர்த்து எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்.

சீமைக் கருவேலத்தை வெட்ட நாலைந்து நாள் ஆயிற்று. உள்ளே, கூரை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த பக்கம், வௌவால் எச்சம் முழங்கால் அளவு. அது நல்ல உரம் என்று யாரோ சொன்னதும் அதுவரை வராத வீடுகளிலிருந்தெல்லாம் தெம்பான ஆட்கள் சாக்கோடு வந்தார்கள். ஒரே பகலில் தரை தெரிந்தது. எச்சம் தீர்ந்த மறுநாள் பழையபடி இளைப்புக்காரரும் கிழவரும் நானும்தான் இருந்தோம்.

கட்டடம் எதற்கு என்பதில் சித்தப்பாவுக்குக் குழப்பமே கிடையாது. தினமும் ஒரு முடிவு சொல்வார். முதல் நாள் அது குதிரை லாயம். மேலே இருக்கும் துவாரம் குதிரை மூச்சு வெளியேற. மறுநாள் அது ஜெயில். முன்சுவர் கைதி ஓடாமல் இருக்க. அதற்கடுத்த நாள், இடிந்து விழுந்திருந்த கூரையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "வெடிமருந்து வைக்கிற எடம்டா இது" என்றார். "செவுரை இம்புட்டுக் கனமா வச்சவன் கூரையை ஏன் இம்புட்டு லேசாப் போட்டான்? வெடிச்சா அம்புட்டும் மேல போயிரணும், பக்கத்துல இருக்கவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அதுக்குத்தான்."

"மேல போனது திரும்பக் கீழதானே சித்தப்பு வரும்?" என்றேன்.

சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஏலே பட்டாளத்துல சேரல?"

"எடுக்கல சித்தப்பு."

"நல்ல வேளை."

கூரை லேசாக இருந்ததற்கு ஊர் வேறு காரணம் வைத்திருந்தது: அந்தக் காலத்துக் காண்ட்ராக்டரும் திருடன். இந்தக் கருத்துதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. முன்சுவரை இடித்துவிடலாம் என்று நான் சொன்னபோது சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதில் ஒரு கடப்பாறையைப் போட்டுப் பார்த்தோம். கடப்பாறை வளைந்தது. அதற்குப் பிறகு எனக்கும் அந்தச் சுவர் இருப்பதே நல்லது என்று பட்டது.

பனங்கைச் சட்டங்களை ஏற்றி, வீட்டுக்கு இவ்வளவு என்று பழைய நாட்டு ஓடு வாங்கிக் கூரை போட்டோம். பூசிய இடம் பூசாத இடம் எல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிந்ததால் வெள்ளையடித்துவிட்டால் பார்க்க வருகிற பால்வாடி அதிகாரி கண்ணுக்குப் பளிச்சென்றிருக்கும் என்று முடிவாயிற்று. சுண்ணாம்பு கொடுத்தவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர்தான் சுண்ணாம்பு உபயம். "கோயிலுக்கு அடிச்சது போக மிச்சம் கெடக்கு. காவியும் ஒரு மூட்டை இருக்கு. இது பிள்ளைக காரியம், எடுத்துட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷன். பின்னால் நடந்தவற்றில் அவர் குற்றம் ஒன்றுமில்லை.

வெள்ளையடிக்க வந்தவன் என் மாமன் மகன். வருடத்தில் பொங்கலுக்கு வீடுகளுக்கும், பங்குனியில் கோயில் மதிலுக்கும் அடிப்பான்; மற்ற நாட்களில் வெள்ளையடிக்கிற மட்டை எதற்கென்றே தெரியாதவன் போல இருப்பான். நான் கதவுக்குக் கீலும் நாதாங்கியும் வாங்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, காவி ஒரு மூட்டை கெடக்கே, என்ன செய்ய?"

"பாத்து அடி மாப்ள. வீணாக்காத. ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

டவுனில் கீல் வாங்குவது அரை மணி நேர வேலை. ஆனால் டவுனுக்குப் போனவன் வெறுமனே திரும்பினால் டவுனுக்கு மரியாதை இல்லை என்பதால், புரோட்டாக் கடை, பிறகு தறிச் சத்தம் கேட்கும் தெருவில் ஒரு சிநேகிதன் வீடு என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு பெரியவர்; அவர் பக்கத்தில் நான், மடியில் கீல். ஊருக்குள் திரும்பும் வளைவு வந்ததும் அந்தப் பெரியவர் வெளியே பார்த்து அவசர அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முன்சீட்டில் இரண்டு பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் பார்த்தேன். சாயங்கால வெயிலில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை பட்டையாக ஒரு கோயில் மதில் ஜொலித்துக்கொண்டிருந்தது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பஸ் ஒரு பனைமரத் தூரம் போனபிறகுதான், நம்ம ஊரில் இந்த இடத்தில் கோயில் ஏது என்று உறைத்தது.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி கேட்டார்: "இது எப்ப எழும்புன கோயிலு? போன வாரம் பூராம் புதராத்தானே கெடந்துச்சு?"

"பால்வாடிண்ணே" என்றேன்.

"சாமி பேரே அதுதானா?"

இறங்கி ஓடினேன். மாமன் மகன் மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தான். கட்டடம் முழுக்க, முன்சுவர் உட்பட, ஒரு முழம் வெள்ளை ஒரு முழம் காவி, நூல் பிடித்தது போல.

"ஏலே, என்னடா செஞ்சு வச்சிருக்க?"

"நல்லா இல்லையா மாப்ள?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்கேன். யாரு ஒன்னையப் பட்டை போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. காவியும் வெள்ளையும் கையில இருந்தா வேற எப்படி அடிக்கிறது?"

நானும் யோசித்துப் பார்த்தேன். வேறு எப்படி அடிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு சாயத்தையும் சேர்த்துக் கோயில் மதிலைத் தவிர வேறு எங்கேயும் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மறுபடி வெள்ளையடித்து மறைக்கலாம் என்றால் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. அண்ணாச்சி கடையில் கேட்டால் ஏன் என்று கேட்பார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம்.

காலையில் பார்த்தபோது வெள்ளிக்கிழமை. உள்ளே, வாசலுக்கு நேர் சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. அந்தக் காலத்தில் விளக்கு வைத்திருப்பார்கள் போல. அதில் யாரோ விளக்கு ஏற்றி, பக்கத்தில் இரண்டு செம்பருத்தி வைத்திருந்தார்கள். முன்சுவருக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள். சாயங்காலத்துக்குள் ஒருத்தி பொங்கல் வைத்துவிட்டாள். அவள் மாடு கன்று போட்டிருந்ததாம்; நேற்று பட்டை அடிக்கும்போது அந்தப் பக்கமாக வந்து நேர்ந்துகொண்டாளாம்.

இதற்கு நடுவே மத்தியானம் மதினி சோற்றுப் பானையும் பலகையும் பிள்ளைகளுமாக வந்து நின்றார். கொட்டத்தை அன்றுதான் காலி செய்திருந்தார்கள். உள்ளே நுழையப் போனவரை இரண்டு கிழவிகள் மறித்தார்கள்.

"பிள்ளைக உள்ள ஒண்ணுக்கிருந்துட்டா யாருத்தா பதில் சொல்றது?"

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கொழுந்தனாரே, நான் ஒரு பால்வாடிதானே கேட்டேன்?"

"ஆமா மதினி."

"கேட்டதை விடப் பெருசா குடுத்துட்டீக. ரொம்பச் சந்தோசம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பானையை வாசலிலேயே இறக்கி வைத்தார். அதிகாரி வர ஒரு வாரம்கூட இல்லை. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, ஆடிக்காற்றில் மண் விழுந்த சோற்றைப் பரிமாறினார்.

ஊர்க்கூட்டம் அந்தக் கட்டடத்து வாசலிலேயே நடந்தது. நான் எழுந்து, இது பட்டாளத்துக் கட்டடம், சாமி கிடையாது, இது சுண்ணாம்பும் காவியும் என்றேன். அண்ணாச்சி எழுந்தார். "தம்பி, அது சும்மா சுண்ணாம்பு இல்ல. ஆத்தா கோயிலுக்குன்னு எடுத்து வச்ச சுண்ணாம்பு. அது அடிச்ச எடம் கோயில்தானே? நானும் பிள்ளைக காரியத்துக்குன்னுதான் குடுத்தேன். ஆனா அதுவாப் போயி இப்படி நிக்கிதுன்னா நம்ம என்ன செய்ய?" அவர் முகத்தில் என்னைவிட அதிகக் குழப்பம் இருந்தது.

"சரி, என்ன சாமி?" என்றார் மதினி.

யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முனி என்றார், ஒருவர் அம்மன் என்றார். மாடு கன்று போட்டவளிடம் கேட்டதற்கு, "பொதுவாத்தான் கும்பிட்டேன்" என்றாள்.

"பிள்ளைகளுக்கு இப்ப சத்துணவுல முட்டை போடறாக. கோயிலுக்குள்ள முட்டை எப்படி அவிக்கிறது?" என்று ஒரு கேள்வி பின்னாலிருந்து வந்தது. அதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது. சைவச் சாமியா, கறி தின்கிற சாமியா என்று தெரியாமல் முட்டை விஷயத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. மதினி மிலிட்டரிச் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன மாமா, பட்டாளத்துல கறி உண்டா?"

"ஞாயித்துக்கெழமை மட்டன். என் கையால எம்புட்டு வெட்டியிருக்கேன்!" சொன்னபிறகுதான் தான் சமையல்கட்டில் இருந்ததை ஒப்புக்கொண்டது அவருக்கு உறைத்தது.

"பட்டாளத்துக் கட்டடத்துல பட்டாளத்துச் சாமிதானே இருக்கும்? ஆட்டையே திங்கிற சாமி முட்டைக்கா கோவிக்கும்?"

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. ஆனாலும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் எல்லாக் குழப்பத்துக்கும் எங்கள் ஊர் வைத்திருக்கும் வழிக்கே வந்தார்கள்: பூப்போட்டுப் பார்ப்பது. இரண்டு பூவரச இலையில் ஒன்றில் ரோஜா இதழ், ஒன்றில் மல்லிகை மடித்து விளக்கு முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத ஒரு பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் கோயில், வெள்ளை வந்தால் பால்வாடி. வாக்கு என்றால் வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை. அண்ணன் வாழ்க்கை, மதினி வாழ்க்கை, எல்லாம் ஒரு பூவிதழில் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் சாமியிடம் பயமா என்று கேட்பார்கள்.

உள்ளே இருட்டாக இருந்ததால் விளக்கை வாசலுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். பால்வாடியிலேயே சின்னவளான ஒரு பெண்பிள்ளையைப் பிடித்து நிறுத்தினார்கள். கூட்டத்தைப் பார்த்து அவள் அழுதாள். அண்ணாச்சி மடியிலிருந்து ஒரு தேன்மிட்டாயை எடுத்து அவள் வாயில் போட்டார். அழுகை நின்றது. "ஒண்ணை எடு தாயி" என்றார்கள்.

அவள் எடுத்தாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வாங்கிப் பிரிப்பதற்குள் அவளே பிரித்தாள். இலையில் மடித்துக் கொடுத்தால் அது சுண்டல் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம். உள்ளே இருந்ததை லபக்கென்று வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

"ஏய், ஏய்!" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். "இன்னொரு மடிப்பைப் பிரிங்கப்பா, அதுல என்ன இருக்குன்னு பாத்தா இது தெரிஞ்சு போச்சு" என்று நான் கத்தினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது. அதற்குள் ஆடிக்காற்று அந்த இலையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போயிருந்தது. பத்துப் பேர் பின்னால் ஓடினார்கள். கண்மாய்க்கரைப் பூவரச மரங்களுக்கடியில் இலைக்குப் பஞ்சமில்லை, ஆளுக்கொன்று எடுத்துவந்தார்கள்.

அண்ணாச்சி பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். "நாக்கு செகப்பா இருக்கு! செகப்புதான்!"

"அது ஒங்க கடை முட்டாய் செகப்பு, அண்ணாச்சி" என்றார் மதினி.

அண்ணாச்சி பிள்ளையின் நாக்கையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். விரலும் சிவப்பாகத்தான் இருந்தது. மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றார் ஒருவர். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான், இரண்டாம் தடவை கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்ட பாவம் என்றார் இன்னொருவர். அவரையும் மறுக்க முடியவில்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் இலையை நக்கிக்கொண்டிருந்தது.

மதினி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இம்புட்டு நேரமா எல்லாரும் செகப்பா வெள்ளையான்னு கேக்கீக. சாமி சொன்னது ஒருத்தருக்கும் கேக்கலையா? பூவைக் குடுத்தா பிள்ளை தின்னுச்சு. சாமி வாசல்ல வச்சு, சாமி விளக்குக்கு முன்னால, முதமுதல்ல ஒரு பிள்ளை சாப்பிட்டிருக்கு. இங்க பிள்ளைக சாப்பிடணும்னு சாமி வேற எந்த வாயில சொல்லும்?"

அது சரியா தப்பா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கு எதிராகச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அண்ணாச்சிதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எல்லோரும். மாமன் மகன் என்னைக் கேட்டான், "அப்ப இது கோயிலா பால்வாடியா மாப்ள?" நான் அவனையும் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஏற்பாடுகள் தாமாக அமைந்தன. பகலில் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை பொழுது சாய விளக்கு. ஒண்ணுக்கு வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். சாமி சைவமா அசைவமா என்பது மட்டும் கடைசிவரை முடிவாகாததால், முட்டையை முன்சுவருக்கு அந்தப் பக்கம், சாமி கண்ணுக்குப் படாமல் அவிப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தச் சுவரை எந்தப் பட்டாளம் எதற்குக் கட்டியதோ, எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பட்டையைப் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். முன்சுவரை வலமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே பிள்ளைகள் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கனத்த சுவருக்குள் வெயில் தெரியவில்லை. உச்சித் துவாரங்கள் வழியாகக் காற்று மட்டும் மண்ணை வெளியிலேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவர் மாடக்குழியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? கோயிலா, சென்டரா?"

செயலாளர் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். "ஆமா சார்" என்றேன்.

"எது ஆமா?"

"நீங்க சொன்னது சார்."

மதினி முன்னால் வந்தார். "சார், கூரை இருக்கு. பிள்ளைக சாப்பாட்டுல மண்ணு விழாது. ஊரு ஒத்துக்கிடுச்சு. நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் மத்தியானம் வீட்டுக்குப் போயி ஒரு ஆளைத் தூக்கி உக்கார வைக்கணும். வேற ஊருன்னா அது ஆகாது."

அவர் எதையும் சுற்றிவளைத்துச் சொல்லவில்லை. அதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்தார். சாமி முன்னால் முடியாது என்று சொல்லப் பயந்தாரா, கட்டடம் பிடித்துப்போனதா, மதினி சொன்னதுதான் மனதில் பட்டதா, அவருக்கே தெரியுமோ என்னவோ. "சென்டர் இங்கேயே இருக்கட்டும்மா" என்றார். போகும்போது மாடக்குழிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார்.

ஜீப் புழுதி அடங்கும்வரை மதினி நின்றுகொண்டிருந்தார். பிறகு முன்சுவரின் அந்தப் பக்கம் போய், முட்டை அவித்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகிற பெண்பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

"தண்ணி வேணுமா மதினி?"

"தண்ணியத் தூக்கிட்டு வரதுக்குள்ள நீங்க விழுந்து தொலைப்பீக" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். சூரியனைப் பார்த்தார். "ஐயோ, நேரமாச்சு. அவுக படுத்த வாக்குலயே கெடப்பாக. நான் போயிட்டு ஓடியாரேன். பிள்ளைகளைப் பாத்துக்கங்க. சாப்பிட்டாச்சு, தூங்க வச்சா போதும்."

கண்மாய்க்கரை மேல் அவர் வேகமாக ஏறிப்போவது தெரிந்தது. ஓடுகிறாரா நடக்கிறாரா என்று சொல்ல முடியாத நடை. நான் உள்ளே போனேன். பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"படுங்க" என்றேன். யாரும் படுக்கவில்லை.

"எப்படிப் படுக்கணும்?" என்று ஒரு பையன் கேட்டான். கேலியா நிஜமா தெரியவில்லை. சரி, செய்து காட்டுவோம் என்று தரையில் நீட்டிப் படுத்தேன். தரை ஜில்லென்றிருந்தது.

மதினி திரும்பி வந்து சத்தம் போட்டுத்தான் எனக்கு முழிப்பு வந்தது. பிள்ளைகள் எல்லாம் கண்ணைத் திறந்தபடி என்னைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர்கூடச் சத்தம் போடாமல், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா தூங்குறாக டீச்சர், சத்தம் போடாதீக" என்றாள் பூவைத் தின்றவள்.